வெற்றிலைக் கறை

மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடுங்க ஐயா என்று அந்தப் பெண் டாக்டர் தன் விரல்களையே நிமிர்த்திக் காட்டுகிறாள், சென்றாயனும் அதேபோல் அடுக்கி வாயருகே கொண்டுபோகிறான், ஒரு விரல் நுழைகிறது, இரண்டாவது விரலின் நகம் மேல்பல்லில் இடித்து நிற்கிறது, இன்னும் கொஞ்சம் திறங்க என்கிறாள், திறந்துதான் இருக்கிறேன் என்று சொல்லப் பார்க்கிறான், விரல் உள்ளே இருப்பதால் அது வெறும் முனகலாக வெளியே வருகிறது, இரண்டு கன்னத்துக்குள்ளும் கயிறு கட்டி யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருப்பது போல இருக்கிறது, டாக்டர் விளக்கைத் திருப்பி வாய்க்குள் அடிக்கிறாள், அந்த வெளிச்சம் பட்டதும், ஐம்பது வயதைத் தாண்டியவன், கல்லூரியில் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பவன், தன்னையறியாமல் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். மூடிக்கிட்டா நான் எப்படிங்க பாக்கறது என்று அவள் சிரித்தபடிதான் கேட்டாள், இருந்தாலும் அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. பாக்கு போடுவீங்களா, போடுவேங்க, புகையிலை, அதுவும்தான், எவ்வளவு காலமா, ரொம்ப காலமாங்க. உள்தோல் இறுகி நார் மாதிரி ஆகிவிட்டது, இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, அதில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு விளக்கை அணைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது அவள் பார்ப்பது கன்னத்தை அல்ல, பல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, குறுக்கே பட்டை பட்டையாகப் பழுப்பு ஓடி, அங்கங்கே பொரிந்து, எரிந்த வாணலியின் அடி போல இருக்கிற பல்லை. உங்களுக்கு எந்த ஊருங்க ஐயா என்று கேட்டாள். சேலம்தாங்க. சொந்த ஊரே சேலமா. ஆமாங்க. சுவரோரம் நின்றிருந்த மகள் இந்துமதி திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது, வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழகின மாடு வீட்டு வழியில் திரும்புவது போல, அவன் ஊர் பென்னாகரத்துக்குத் தெற்கே மூங்கிலான்கொட்டாய், கரடும் முள்ளும் கேழ்வரகுமாக ஒரு நாற்பது ஐம்பது வீடு, அங்கே அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓர் அடிபம்பு இருக்கிறது, அக்கா மாதம்மாள் அந்தப் பம்பின் கைப்பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்டு அடிக்கிறாள், கால் தரையை விட்டு எழும்புகிறது, இறங்குகிறது, தண்ணீர் குபுக்கென்று வந்து குடத்தில் விழுகிறது, அவன் கையைக் குவித்துக் குடிக்கிறான், கண்ணாடி மாதிரி தண்ணீர், ஜில்லென்று, கரிப்பும் இல்லை கசப்பும் இல்லை, அதைப்போல ஒரு தண்ணீரை அவன் பிறகு எங்கேயும் குடித்ததே இல்லை. ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களுக்குத் திறந்த கிணறுகள் இருந்தன, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல் பல்லாகவே இருந்தது, ஆனால் அந்தக் கிணறுகளில் கொட்டாய்க்காரர்கள் குடத்தை இறக்கக் கூடாது, களை பறிக்கப் போகிற நாளில் அவர்கள் வீட்டுப் பெண் மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம், அதற்கு மேல் அந்தக் கிணற்றோடு உறவில்லை, அதனால்தான் அரசாங்கம் கொட்டாய்க்கென்று ஆழமாகத் துளை போட்டுப் பம்பு வைத்தது, வைத்த அன்றைக்கு அவன் அப்பா அதற்குத் தேங்காய் உடைத்தார், நமக்குன்னு ஒரு தண்ணி வந்துடுச்சி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜீப்பில் சிலர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போனதும், மறுபடி வந்து பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இதைக் குடிக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனதும் அவனுக்குக் கனவு மாதிரி ஞாபகம், குடிக்கவில்லை என்றால் எதைக் குடிப்பது என்று யாரோ கேட்டார்கள், அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை, சாயங்காலம் அக்கா மறுபடி கைப்பிடியில் தொங்கினாள், பெயிண்ட் காயாமல் அவள் உள்ளங்கையெல்லாம் சிவப்பாகிவிட்டது, அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள், பழுப்புப் பல் அத்தனையும் தெரிய. அங்கே எல்லோருக்கும் பல் அப்படித்தான், ஆகையால் அவர்கள் கண்ணுக்கு அது வெறும் பல்லாகவே இருந்தது. பென்னாகரத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடிக்கும்போது போட்டோ எடுக்க வரிசையாக நிற்கவைத்து, எல்லாரும் சிரிங்கடா என்று சொன்ன வாத்தியார், ஒரு நொடி தயங்கி, கொட்டாய்ப் பசங்க மட்டும் வாய மூடிக்கங்கப்பா என்றார், வன்மமாகச் சொல்லவில்லை, போட்டோ நன்றாக வரவேண்டுமே என்ற அக்கறையில் சொன்னார், அன்றைக்கு மூடின வாய் அது.

சேலத்துக் கடைவீதியில் பாத்திரக்கடை வேலை, மீசை கூட சரியாக முளைக்காத வயது, நாலாபுறமும் எவர்சில்வர், சுவரில் தொங்குவது, அலமாரியில் அடுக்கியிருப்பது, தரையில் குவித்திருப்பது, எங்கே திரும்பினாலும் அவன் முகம்தான் தெரிகிறது, நீண்டு ஒரு சொம்பில், அகன்று ஒரு தாம்பாளத்தில், முதல் சில நாள் அவனுக்கு அதுவே பெரிய வேடிக்கை. கல்யாணச் சீர் எடுக்க வந்த கூட்டத்தில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது, அவன் ஒரு கரண்டியை ஆட்டி விளையாட்டுக் காட்டிச் சிரித்தான், அம்மா இந்த அண்ணனுக்குப் பல்லு துருப்புடிச்சிருக்கு என்றது குழந்தை. கூட்டம் மொத்தமும் சிரித்தது, அந்தத் தாய் குழந்தையின் வாயை அடக்கிவிட்டு அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், துருப்பிடிக்காத சாமான்களுக்கு நடுவே அவன் கரண்டியோடு நின்றான். அன்றைக்கு மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கடைக்குப் பின்னால் பித்தளைக்குப் பாலிஷ் போடுகிற பொடியை எடுத்து விரலில் தொட்டுப் பல்லைத் தேய்த்தான், ஈறு எரிந்தது, தேய்த்தான், எச்சில் சிவப்பாக வந்தது, இன்னும் தேய்த்தான், குத்துவிளக்கைப் பொன்னாக்குகிற பொடி அது, துப்பிவிட்டு ஒரு தவலையின் வயிற்றில் பார்த்தபோது பல் அப்படியே இருந்தது, சுற்றிலும் ரத்தம் மட்டும் புதிதாக இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டார். நல்ல மனிதர், வேலைக்காரர்களை வாடா போடா என்று பேசமாட்டார். அவன் வாயைப் பார்த்தார், கையில் இருந்த பொடியைப் பார்த்தார், ஏம்ப்பா வெத்தல போடற பழக்கமா, கடைக்குப் பொம்பளைங்க வர்றாங்க, அசிங்கமா இருக்குதுல்ல, விட்டுடு என்றார். அந்த நொடியை அவன் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறான், அது வரை வெற்றிலையை அவன் தொட்டதே கிடையாது, இல்லைங்க, எங்க ஊர்த் தண்ணி இப்படிங்க என்று சொல்லியிருக்கலாம், ஆனால் முதலாளி சொன்னதில் ஒரு வாசல் திறந்தது போல இருந்தது, வெற்றிலைக் கறை என்றால் அது ஆண்பிள்ளை தானாகத் தேடிக்கொண்டது, வேண்டாமென்று நினைத்தால் விட்டுவிடக்கூடியது, ஜமீன்தார்கூட வெற்றிலை போடுகிறார், தண்ணீர் என்று சொன்னாலோ எந்தத் தண்ணீர், எந்தக் கொட்டாய், ஏன் உங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை என்று கேள்வி ஒன்றன்பின் ஒன்றாக வரும், கடைசியில் நீ எந்த ஆளுங்க என்பதில்தான் போய் முடியும். ஆமாங்க மொதலாளி, விட்டுடறேங்க என்றான். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, பொய் சொன்ன பயமே இல்லை, நிம்மதி, அன்றைக்குச் சாயங்காலமே கடைவீதி முனையில் போய், பொய் பொய்யாக இருக்கக்கூடாதே என்று, முதல் வெற்றிலையை வாங்கிப் போட்டான், தலை சுற்றி ஒரு சாக்கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் அது வளர்ந்தது. வெற்றிலை பாக்கானது, பாக்கு பொட்டலமானது, பொட்டலத்தில் புகையிலை சேர்ந்தது, எல்லோரும் பார்க்கும்படி சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், பேச்சுக்கு நடுவே எடுத்துக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டான், யாராவது அவன் வாயை உற்றுப் பார்த்தால் இந்தப் பழக்கத்த விட முடியலீங்க என்று முந்திக்கொண்டு சொன்னான், அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. பூங்காவனத்தைப் பெண் பார்க்கப் போனபோது கொஞ்சம் பாக்குப் பழக்கம் உண்டு, வேற ஒண்ணும் கிடையாது என்று தரகர் சொன்னார், கல்யாணமானா விட்டுடுவாரு என்று அவள் அம்மா சொன்னாள், அக்கா மாதம்மாளும் கூட வந்திருந்தாள், வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், அக்கா சிரிக்கும்போதெல்லாம் வாயை மூடேன் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான், அவளோ பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தம்பி தங்கம்மா, கண்ணுல வெச்சிக் காப்பாத்துவான் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் விடவில்லை, பூங்காவனம் ஒன்றிரண்டு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை, கேட்காதது மட்டுமல்ல, மளிகை வாங்கப் போகும்போது அவனுக்கும் சேர்த்துச் சரம் சரமாகப் பொட்டலம் வாங்கிவந்து ஆணியில் மாட்டினாள், இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். இந்துமதி பிறந்தாள், அவளுக்குப் பால்பல் முளைத்தபோது வெள்ளை வெளேரென்று அரிசி மாதிரி இருந்தது, அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான், கொட்டாய்க்குப் போனால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவது, கையோடு தண்ணீர் கேன் எடுத்துப்போவது, குழந்தைக்கு வெளித்தண்ணி சேராது என்று அக்காவிடம் சொல்வது, ஏன்டா தம்பி நம்மூட்டுத் தண்ணி வெளித்தண்ணியா என்று அக்கா கேட்டாள், கேட்டுவிட்டு அவளே கேனிலிருந்து ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அக்கா இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தாள், முதலில் முட்டி, பிறகு முதுகு, பிறகு கழுத்து, யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்பினாள், இந்த வயதில் கிழவி மாதிரி ஏன் நடக்கிறாங்க என்று இந்துமதி பஸ்ஸில் கேட்டபோது, காட்டு வேலை செஞ்ச உடம்பு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பொட்டலத்தைக் கிழித்தான். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது எல்லாம் ரொம்பப் பிற்பாடு, அதுவும் கொட்டாய்க்குக் கடைசியாக, அது வந்தபோது குழாயடியில் குனிந்து குடம் எடுக்க அக்காவால் முடியவில்லை.

எப்போது வாய் சுருங்க ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது, யாருக்கும் தெரியாமல் அது சுருங்கியது, முதலில் காரம் ஆகவில்லை, ஒரு மிளகாய் கடிபட்டால் வாயெல்லாம் தீப்பிடித்தது, பூங்காவனம் குழம்பில் காரத்தைக் குறைத்தாள், இந்துமதி பத்தாவது வகுப்பு தேறியதைக் கொண்டாட வீட்டில் பலூன் ஊதியபோது அவனால் ஊத முடியவில்லை, கன்னம் உப்பவே இல்லை, காற்று உதட்டோரம் வழிந்து போனது, அப்பாவுக்கு மூச்சே இல்ல என்று இந்துமதியும் அவள் தோழிகளும் சிரித்தார்கள், அவனும் வாயை மூடியபடி சிரித்தான், பிறகு ஆப்பிளைக் கடிக்க முடியவில்லை, பிறகு களி உருண்டை, பிறகு இட்லியைக்கூடக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளவேண்டியிருந்தது, கொட்டாவி வந்தால் காதுக்குக் கீழே கத்தி சொருகினது போல வலி, இதையெல்லாம் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம் போனால் முதல் வேலையாக வாயைத் திறக்கச் சொல்வார்கள், அந்தப் பயத்திலேயே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டான். இந்துமதிதான் கண்டுபிடித்தாள், சாப்பிடும்போது அப்பா சுவரைப் பார்த்து உட்காருகிறார் என்று, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள், மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

சதை எடுத்த அன்று வெளியே வந்ததும் அவள் பேசிய பேச்சு அவனுக்குக் கனவில்கூட வருகிறது, சத்தம் போட்டுப் பேசவில்லை, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். நாங்க முக்கியமா, பாக்கு முக்கியமான்னு வந்தப்ப நீ பாக்குன்னு முடிவு பண்ணிட்டேப்பா, எனக்கு அது கூடப் பரவால்ல, எந்த ஊருன்னு கேட்டா சேலம்கிற, அத்தைய, அந்த ஊர, எல்லாத்தையும் இல்லைன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வருது. அவன் பதில் சொல்ல வாயெடுத்தான், கன்னத்தில் தையல், பஞ்சு, ரத்தச்சுவை, பதில் என்று அங்கே என்ன இருக்கிறது, பழக்கம் என்று சொல்லலாம், அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான், மகளிடம் அதைச் சொல்ல முடியவில்லை, வேறொன்று சொல்லவும் முடியவில்லை. அதற்கப்புறம் சோதனை முடிவு வரும்வரை அவள் வீட்டில் அவனோடு பேசவில்லை, தண்ணீர் வைப்பாள், மாத்திரை வைப்பாள், பேசமாட்டாள். கடையில் லீவு சொன்னான், வீட்டில் பாக்கு இல்லாமல் உட்கார்ந்திருந்தான், ஆணியில் தொங்கிய சரத்தைப் பூங்காவனம் ஒருநாள் கழற்றி அடுப்பில் போட்டாள், போடும்போது அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள், புகை என்று நினைத்தான்.

முடிவு வாங்கப் போன அன்று மாதம்மாள் வந்துவிட்டாள், யார் சொன்னார்களோ, விடிகாலை பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்துவிட்டாள், கையில் தூக்குப்போணியில் கேழ்வரகுக் கூழ், தண்ணியாகக் கரைத்தது, வாய தொறக்க முடியலன்னாங்க, அதான் குடிக்கிற மாதிரி கொண்டாந்தேன் என்றாள். அவளால் பெஞ்சில் உட்கார முடியவில்லை, முதுகு மடங்காது, சுவரில் ஒரு பலகையைச் சாத்தி வைத்தது போல் சாய்ந்து நின்றாள். அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் டாக்டரின் அறைக்குள்ளும் கூடவே வந்தாள், அவனும் பூங்காவனமும் இந்துமதியும் அவளுமாக அந்தச் சின்ன அறையில் நிற்கிறார்கள், டாக்டர் முதலில் அக்காவைத்தான் பார்த்தாள், அவள் நின்ற விதத்தைப் பார்த்தாள், அப்புறம் அவள் பல்லை. இவங்க யாரு என்றாள். எங்க அக்காங்க என்று சென்றாயன் சொன்ன குரல் அவனுக்கே கேட்கவில்லை. நான் இவனுக்கு மூத்தவம்மா, பென்னாகரம் பக்கம், எங்க கொட்டாயில எல்லாருக்கும் இப்பிடித்தான் தாயி, போரு தண்ணி, சின்னப் புள்ளையில பல்லத் தின்னுது, பெருசானா எலும்பத் தின்னுது, இவன் பொழைக்க ஓடியாந்துட்டான், எலும்பு தப்பிச்சிது, நான் அங்கியே கட்டிக்கிட்டேன் என்று மாதம்மாள் சொன்னாள், வெட்கப்படாமல், மழை பெய்ததைச் சொல்வது போல. சென்றாயனுக்குத் தரை பிளந்துவிட்டால் தேவலை என்று இருந்தது. டாக்டர் அவனை ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கு ஏன் சேலம் என்று சொன்னீங்க என்று கேட்கவில்லை, அது இன்னும் கூச்சமாக இருந்தது. தண்ணியில ப்ளோரைடு அதிகம், அதனாலதான் அன்னிக்கே நான் ஊரைக் கேட்டேன் என்று மட்டும் சொன்னாள், பிறகு, பயப்படாதீங்க, இப்போதைக்குப் புற்று இல்ல, ஆனா ஆகறதுக்கு வாய்ப்பு உள்ள திட்டு, சாகறவரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கணும், பாக்கைக் கையால தொடக்கூடாது, வாய் பழையபடி திறக்காது, பயிற்சி பண்ணினா கொஞ்சம் கூடும் என்றாள். இந்துமதி கேட்டாள், இது ரெண்டும் ஒண்ணுதானா மேடம், அந்தத் தண்ணியாலதான் அப்பாவுக்கு வாயும் இப்படி ஆச்சா. இல்லம்மா, பல்லுக்குக் காரணம் தண்ணி, இந்த வாய்க்குக் காரணம் பாக்கு, ரெண்டும் வேற வேற. வேறு வேறு இல்லை என்று தெரிந்த ஒருவன் அங்கே இருந்தான், அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மருந்து வாங்க இந்துமதி வரிசையில் நின்றாள், மாதம்மாள் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டாள், சென்றாயன் மரத்தடித் திட்டில் உட்கார்ந்து கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தான், பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அப்போதுதான் அவன் அதைச் சொன்னான், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, போணிக்குள்ளே பார்த்துச் சொன்னான், நான் சேலம் வர்றப்ப பாக்கு போடமாட்டேன் பூங்கா, பல்லு இப்படி இருந்ததுக்குத்தான் போட்டேன், வெத்தலக் கறைன்னு சொல்லிக்கலாமேன்னு. சொல்லிவிட்டு அவள் அதிர்ந்துபோவாள் என்று காத்திருந்தான், அவள் மடியில் இருந்த மஞ்சள் பையின் காதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள். தெரியுமா. பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, அன்னிக்கே தெரியும், அண்ணி சிரிச்சாங்க, உங்க பல்லு மாதிரியே இருந்துச்சி, அவங்க கிட்ட வெத்தல வாசமே இல்ல. அவன் போணியைக் கீழே வைத்தான். அப்பறம் ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல. கேட்டா நீங்க குறுகிப் போயிடுவீங்கன்னு கேக்கல, நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல, சரி, அவரு மூடி வெச்சத நாம எதுக்குத் தொறக்கணும்னு விட்டுட்டேன், நீங்க வெளிய போறப்ப பையில பாக்கு இருக்குதான்னு நான் பாத்து அனுப்புவேங்க, நாலு பேரு முன்னால நீங்க தலகுனிஞ்சிடக் கூடாதேன்னு, உங்க மானத்தக் காப்பாத்தறதா நெனச்சிக்கிட்டுக் கடைக்குக் கடை நானே வாங்கியாந்து குடுத்தேன். சொல்லிவிட்டு மஞ்சள் பையால் முகத்தை மூடிக்கொண்டாள், இத்தனை காலம் ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், கீழே விழுந்துவிடாமல், அவனுக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை, அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது, ஆஸ்பத்திரி வாசலில் பிடிக்கவும் கூச்சமாக இருந்தது. மருந்தோடு இந்துமதி பின்னால் வந்து நின்றதை இருவரும் பார்க்கவில்லை. எவ்வளவு கேட்டாளோ. அதுக்காகவாப்பா என்றாள். அவன் தலையாட்டினான். அவள் மருந்துப்பையைத் திட்டில் வைத்துவிட்டு அத்தையிடம் போய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், குனிய முடியாத மாதம்மாள் எங்கோ நேரே பார்த்தபடியே அவள் தலையைத் தடவினாள், ஏன் சாமி அழுவற, அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே என்றாள்.

ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்வதுதான் பயிற்சி, கொஞ்ச நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், இந்துமதி காலையில் கல்லூரிக்குப் போகுமுன் எதிரே உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுகிறாள், கன்னம் கிழிவது போல வலிக்கிறது, கண்ணில் நீர் வழிகிறது, எச்சில் வழிகிறது, பல் எல்லாம் அவள் முகத்துக்கு நேரே பப்பரப்பா என்று தெரிகிறது, முதல் சில நாள் அவன் கண்ணை மூடிக்கொண்டான், அவள் பாட்டுக்குப் பாடம் மாதிரி அதைச் செய்துவிட்டுப் போனாள், இப்போதெல்லாம் போகும்போது போய்ட்டு வரேம்ப்பா என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு விரல் என்பது ஒன்றரை விரலாகியிருக்கிறது, இதற்கு மேல் பெரிதாக ஆகாது என்றுதான் டாக்டர் சொல்கிறாள். பொங்கலுக்கு எல்லோரும் கொட்டாய்க்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள், அக்காவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், அவள் முதுகு மடங்கவில்லை, அது மடங்காது.

அவன் எதிர்பாராதது ஒன்றுதான், பாக்கை விட்டதும் பல் தனியாக நின்றது, பையில் பொட்டலம் இல்லை, வாயில் மணம் இல்லை, உதட்டில் சிவப்பு இல்லை, மறைவு எல்லாம் போய் வெறும் பழுப்புப் பல் மட்டும், கடைக்குத் திரும்பின முதல் வாரம் அவன் குடோனிலேயே வேலையைத் தேடிக்கொண்டான், அட்டைப்பெட்டி பிரித்தான், கணக்கில்லாமல் தூசி துடைத்தான். பெரிய முதலாளி காலமாகி இப்போது அவர் மகன் ஜெகதீசன்தான் கல்லாவில், சின்னப் பிள்ளையாக இந்தக் கடையில் அண்டாவுக்குள் ஒளிந்து விளையாடினவன், அண்ணே வெளிய வாங்க, ஆள் பத்தல என்று கூப்பிட்டான், வந்து நின்றதும் எல்லோருக்கும் கேட்கும்படி சந்தோஷமாகச் சொன்னான், நம்ம சென்றாயண்ணன் பாக்க விட்டுட்டாரு, இனிமே பாருங்க, பல்லு கொஞ்ச நாள்ல வெளுத்துடும். டிபன் கேரியர் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள், சுவர் முழுக்க எவர்சில்வரில் அவனும் அவனைப் பார்த்தான், ஆமாங்க, வெளுத்துடும் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும், அந்தச் சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. இது போவாதுங்க தம்பி என்றான். ஏண்ணே. இது வெத்தலக் கறையில்லீங்க, எங்க ஊருத் தண்ணி, சின்ன வயசுல குடிச்சது, எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்குது, எங்க அக்காவுக்கு எலும்புல போயிடுச்சி. அப்படிங்களாண்ணே, இத்தன நாளா சொல்லவே இல்லியே என்றான் ஜெகதீசன். சென்றாயனுக்கு முகம் தீயாகச் சுட்டது, பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றபோது சுட்டதே அதே சூடு, சொன்னால் போய்விடும் என்று நினைத்திருந்தான், போகவில்லை. டிபன் கேரியர்க்கார அம்மாள் அதன் கொக்கியை மாட்டிப் பார்த்து, கழற்றிப் பார்த்து, இதைவிடச் சின்னதா ஒண்ணு இருக்குதுங்களா என்று கேட்டாள். இருக்குதுங்க, மேல இருக்குது, எடுத்துத் தரேன் என்று சொல்லி அவன் ஏணியை இழுத்துச் சுவரில் சாத்தினான், ஏறினான், ஏறும்போதும் அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவனும் கீழே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே ஏறினான், ஏணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, வாயைப் பொத்த ஒரு கை மிச்சமில்லை.